அம்மாவுக்குக் காட்டவிருந்த படம்

அக்கா,

இன்று காலை முட்டிவலிக்காக என்னை எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுக்க வைத்தார்கள். காதை அடைத்திருந்தும் அந்த டம் டம் சத்தம் உள்ளே புகுந்தது. உன் நினைப்பு வந்துவிட்டது. அசையக் கூடாது என்பதால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் சேலைக்கடையில் நாள் முழுக்க நின்று, வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்பியவள் நீ. அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு, சுங்கை பினாங் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னதை அம்மா காதிலேயே வாங்கவில்லை. "நோயாம் நோயி. காய்ச்சலா, புண்ணா? சோம்பேறித்தனத்துக்கு டாக்டரு பேரு வெச்சிட்டாரு," என்றார். கொடுத்த மாத்திரைகளும் உனக்குச் சரிவரவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். மருந்துக்கு முன்பும் பின்பும் மூளையைப் படமெடுப்பார்கள் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாய். மருந்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "படத்துல தெரியும்தானே? அம்மாகிட்ட காட்டிரலாம் லா," என்றாய்.

முதல் படம் எடுத்த அன்று நீ அடித்த கூத்தை மறக்க முடியுமா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை இயக்கிய தம்பி ஒலிபெருக்கியில் "அக்கா, ஓகேவா?" என்று கேட்க, நீ நம் வழக்கப்படி அழகாகத் தலையை ஆட்டினாய். படம் கலைந்துவிட்டது. "தலைய ஆட்டாதீங்கக்கா! கையில உள்ள பந்த அமுக்குங்க லா," என்றார். அதற்கும் சரியென்று தலையாட்டினாய். நான் சிரித்த சிரிப்பில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முடிந்ததும் நீ படத்தைக் கேட்டாய். டாக்டர் மலாயில் பொறுமையாக விளக்கினார். மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று பலருடைய படங்களைச் சேர்த்து வைத்துத்தான் பார்ப்பார்களாம். ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து, இவருக்கு மனச்சோர்வு என்று யாராலும் சொல்ல முடியாதாம். "பரவால்ல டாக்டர்," என்றாய். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய்.

இரண்டாவது படத்துக்கு முன்பே உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் என் வீட்டில் இருந்தேன். வழக்கம்போலப் படுத்துக் கிடக்கிறாய் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டது; நீ போய்விட்டாய். யார்மேல் கோபப்படுவது என்று இன்னமும் தெரியவில்லை.

போன வாரம் அம்மா திடீரென்று, "அக்காவோட அந்தப் படத்தக் கேட்டா குடுப்பாங்களா?" என்றார்.

"குடுக்க மாட்டாங்கம்மா. பாத்தாலும் ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டி போவுது. அவளுக்கு நோயிதான். நான் நம்புறேன்," என்றார்.

உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டார், அக்கா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?