வகுப்புக்குப் போன சூப்பர்வைசர்

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் டூட்டி இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் பக்கத்து வீட்டு ஜோயல் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவன் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், உன் அம்மா இப்போது சூப்பர்வைசர். கார் சீட்டுக்கு உறை தைக்கிற எங்கள் லைன் முழுவதும் என் பொறுப்பு. ஆனால் மேனேஜர் பகலவன் சார் ஒரு நிபந்தனை வைத்தார், மறைமலை நகரில் நடக்கிற பயிற்சி வகுப்பை முடித்துவிட்டுத்தான் பொறுப்பு எடுக்கவேண்டுமாம். அப்பா சிரித்தார். "தைக்கிறதுல உனக்குத் தெரியாதது இன்னா கீது, இதுக்கு இன்னாத்துக்கு கிளாஸு?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாளே அது மாறிவிட்டது. ஷெர்லின் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், அவள்தான் பாடம் எடுத்தாள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தில் கவர் மடிக்கவேண்டும், எதிரில் இருப்பவர் கையால் தொடாமல் வாயால் மட்டும் சொல்லித் தரவேண்டும் என்றாள். நான் சொல்லச் சொல்ல என் எதிரில் இருந்தவர் மடித்தது கசங்கிய பொட்டலமாக வந்தது. ஷெர்லின் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சது வேற, அவருக்குப் புரிஞ்சது வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் இனிமே உங்க வேலைம்மா" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன், தோசை கருகியதுகூடத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து லைனுக்கு வந்ததும் ஒரு சிக்கல். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற முத்துச்செல்வி தைப்பதில் தையல் கோணிக்கொண்டு ரிஜெக்ட் மேல் ரிஜெக்ட். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க, சரிவரலைன்னா நிறுத்திடலாம்" என்று பகலவன் சார் சொல்லிவிட்டார். எப்படித் தைப்பது என்று மறுபடியும் சொல்லித் தராமல், நான் அவள் பக்கத்தில் நின்று சும்மா பார்த்தேன். துணியை இடது கையால் எடுக்கப் போகிறாள், சட்டென்று வலது கைக்கு மாறுகிறாள், ஒவ்வொரு முறையும் உடம்பு திரும்புகிறது, தையலும் கூடவே திரும்புகிறது. டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாம்மா கஷ்டம்? எங்கிட்ட சொல்லு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இடதுகைப் பழக்கம் யக்கா. சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாவளோன்னு பயந்து மறைச்சிட்டேன்" என்றாள். துணித் தட்டு எல்லா மெஷினுக்கும் வலது பக்கம்தான் இருக்கிறது. மெயின்டனன்ஸ் ஆளிடம் சொல்லி அவளுடையதை மட்டும் இடது பக்கம் மாற்றச் சொன்னேன். முதல் ஷிஃப்டில் கொஞ்சம் தடுமாறினாள், அப்புறம் பார்க்கணுமே, கோடு போட்டதுபோல ஓடுகிறது தையல். வெள்ளிக்கிழமை பகலவன் சார் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், "இருக்கட்டும், நல்லா பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, இத்தனை வருஷம் தைத்த உறை எதுவும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

போன வாரம் நீ சொன்னாயே, உன்னை வார்டு பொறுப்பில் போட்டு அதற்கொரு பயிற்சிக்கும் கூப்பிடுகிறார்கள், பார்த்துப் பழகிய வேலைதானே, இதற்கு எதற்குப் பயிற்சி என்று. போய்விட்டு வா கண்ணு. ஊசி போட உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், உனக்குக் கீழே ஊசி போடுகிற நர்ஸ் பிள்ளைகள் உன்னிடம் பயமில்லாமல் வந்து பேச என்ன செய்யவேண்டும் என்று அங்கே சொல்லித் தருவார்கள். அடுத்த மாதம் எங்களுக்கு இரண்டாம் கட்ட வகுப்பு, கம்ப்யூட்டரும் உண்டாம், யாரும் கேட்பதற்கு முன்பே நான் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பா இப்போது சிரிப்பதில்லை, பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, ஊறுகாயில் ஈரக்கரண்டி போடாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் உன்னால் நன்றாக இருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பயிற்சிக்குப் பெயர் கொடுத்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, லைனில் எல்லோரிடமும் சொல்லவேண்டும்.

உன் அம்மா,
க. கங்கா, சூப்பர்வைசர்