தெற்குச் சுவரின் ஈரம்

9 மே 1993, ஞாயிறு
அக்கினி நட்சத்திரத்தில் நசரத்பேட்டையே காய்ந்து கிடக்கிறது. எங்கள் மாதா கோயிலின் தெற்குச் சுவர் மட்டும் வியர்க்கிறது. பூசைக்குப் பிறகு, கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவையில் அண்ணன் சத்தியராஜ் எழுந்தான். "நூறு வருசத்துச் செவுரு, இத்துப்போச்சு. இடிச்சிட்டு கான்கிரீட்ல கட்டலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

12 மே
ஆவடி ஃபேக்டரிக் கிடங்கில் சாமான் துருப்பிடிக்காமல் காற்றின் ஈரத்தைக் கவனிப்பது என் வேலை. அங்கே இருப்பதுபோல் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றில் ஈரத்துணி சுற்றி, கோயிலுக்குள் மாட்டினேன். இரண்டும் காட்டும் வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் அதிகம். வெளியைவிட உள்ளே ஈரம் அதிகம். மழையே இல்லை. எங்கிருந்து வருகிறது?

20 மே
தெரிந்துவிட்டது. நான்கு வருடம் முன்பு பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே நிற்கிறது. உப்புப் பூக்கிறது, செங்கல் மாவாகிறது, உத்திரத்தின் முனை உளுத்துவிட்டது. பூசிய காண்ட்ராக்டர் யார்? என் அண்ணன்.

அவனிடமே சொன்னேன். "ஜனங்க மின்னாடி என் மானத்த வாங்கப் போறியா, குமாரி?"

கோயிலா, அவன் மானமா?

6 ஜூன்
பேரவையில் பேசினேன். தெற்குச் சுவரில் மட்டும் சிமெண்டை எடுத்துப் பார்ப்போம், அடுத்த கோடைவரை பொறுங்கள் என்றேன். "பொம்பளைக்கு இன்னா தெரியும்?" என்றது ஒரு குரல். ஃபாதர் கூரையைப் பார்த்தார். இடிப்பதென்று முடிவு.

7 ஜூன்
முடியாது. விடமாட்டேன்.

13 ஜூன்
பூசை முடிந்த கையோடு, எல்லோர் கண்ணெதிரே, உளியும் சுத்தியலுமாகத் தெற்குச் சுவர் சிமெண்டைக் கொத்த ஆரம்பித்தேன். கோயில் பெருக்கும் ஆரோக்கியம்மாளும் கூட நின்றாள். அண்ணன் ஓடிவந்தான்.

"இன்னா பண்ணிகினு கீற? போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடு. அவங்களும் தொட்டுப் பாக்கட்டும்."

ஃபாதர்தான் தொட்டார். சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் சொதசொதவென்று இருந்தது. விரலில் ஒட்டிய செங்கல் மாவைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "அடுத்த கோடைவரைக்கும் இடிக்க வேணாம்," என்றார்.

2 ஆகஸ்ட்
தெற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியாயிற்று. நேற்று அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். என்னை அழைக்கவில்லை. அழுதேன் – ச்சே, நான் ஏன் அழணும்? இன்னா தப்பு பண்ணேன்?

15 மே 1994, ஞாயிறு
இப்போது வெளியே எவ்வளவு ஈரமோ உள்ளேயும் அவ்வளவுதான். இடிக்கும் பேச்சு இனி இல்லை, மற்ற சுவர்களிலும் சிமெண்டை எடுக்கிறோம் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பிரசங்கம் முழுக்கத் தெற்குச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது அவன் சட்டை முதுகில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. காய்ந்த தூள். தட்டிவிடாமலே வெளியே போனான்.