அசையாத புல்

நேற்று துப்பாக்கிப் பெட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. உன் கையுறை. கருமருந்துப் புகை ஏறிய அந்தத் தோலை என் மூக்கில் தேய்த்து, "இதுதாண்டா நம்ம சென்ட்டு" என்பாயே. பக்கத்தில் என் ரைஃபிள், பின்பக்க மரக்கட்டை இரண்டாக உடைந்தபடி. பிளவில் பன்றி மயிர் இன்னும் இருக்கிறது.

நூற்றைம்பது வயது ரைஃபிள்! வாங்கிய அன்றே பழைய துப்பாக்கிப் பிரியர்களின் ஆன்லைன் குழுவில் படம் போட்டேன். முதல் கமென்ட் உன்னுடையது: "சூப்பரா இருக்கு. சுடுமா, இல்ல ஷோகேஸ் பொம்மையா?" எடிசன் நகரத்து வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உனக்குப் பதில் எழுதினேன். எல்லாம் வீடியோ பார்த்துச் சேர்த்த அறிவு. டெக்சாஸிலிருந்து ஒரே வரி வந்தது: "யூட்யூப்ல நீச்சல் கத்துக்கிட்டவன் மாதிரி பேசாத. வா, பன்னி காட்டுறேன்." ரைஃபிளைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

உன்னிடம் ஒரே சட்டம்தான் இருந்தது. மருந்து போடுவதற்கு முன், வெறும் துப்பாக்கியின் வாயை ஒரு புல்லுக்கு நேரே வைத்து, கேப்பை, மருந்துக்குப் பொறி கொடுக்கும் அந்தச் சின்ன வெடிமூடியை, மட்டும் வெடிக்கவேண்டும். காற்று வந்து புல் அசைந்தால் வழி சுத்தம். அசையாவிட்டால் உள்ளே எண்ணெய் அடைத்திருக்கிறது, பொறி மருந்துக்குப் போகாது, துடைக்கவேண்டும்.

அன்று காலை ஓடைப் பக்கம் பன்றிகள் தெரிந்ததுமே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேப்பை வெடித்தேன். வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாய்: "புல்லு அசைஞ்சுதாடா?"

அசையவில்லை. "அசைஞ்சுது, வா வா" என்றேன், துடைக்காமலே மருந்தைப் போட்டபடி.

நீ முதலில் சுட்டாய். வெள்ளைப் புகை சுவர் மாதிரி எழுந்தது. நீ பக்கவாட்டில் நகர்வதற்குள் அடிபட்ட ஆண்பன்றி புகையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் கோரைப்பல் உன் தொடையில் ஏறி, மேல்நோக்கிக் கிழித்தது. விழுந்தாய். அது விடவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் குத்தியது.

"சுடுடா!"

விசையை இழுத்தேன். கேப் 'பட்' என்றது. அவ்வளவுதான்.

"சுட்றா நாயே!"

அடுத்த கேப் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கீறல் விழக்கூடாதென்று துணி சுற்றி வைத்த துப்பாக்கியைக் குழலைப் பிடித்துத் தூக்கி, பன்றியின் மண்டையில் அடித்தேன். மூன்றாவது அடியில் கட்டை உடைந்தது. உன் இடுப்புக் கத்தியை உருவி அதன் கழுத்தில் இறக்கினேன், முழங்கைவரை ரத்தச் சூடு ஏறும்வரை, அது அடங்கிய பிறகும்.

பெல்ட்டால் உன் தொடையைக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. உடைந்த கட்டையைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய். "லூசு... ஆன்டிக்டா அது." ஆம்புலன்ஸ் வந்தபோது உன் கை என் கைக்குள் குளிர்ந்திருந்தது.

உன் அம்மா கேட்டார்: "உன் துப்பாக்கிக்கு என்னப்பா ஆச்சு?" "ரொம்பப் பழசு ஆன்ட்டி, நம்ப முடியாது" என்றேன். தலையாட்டினார். நம்பிவிட்டார்.

குழுவில் கட்டையைச் சரிசெய்து தருகிறேன் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கமாட்டேன். இன்று காலை பெட்டியை மூடாமல், உன் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, உன் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஆன்ட்டி, துப்பாக்கி மேல தப்பு இல்ல" என்று ஆரம்பித்தேன்.