முத்து போடாத காய்ச்சல்

20-6-57, வியாழன். விழுப்புரம்

இன்றைக்கும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். வடித்த பிறகுதான் உறைத்தது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். நாலாம் கிளாஸ் எழுத்து. என் வீட்டுக்காரர் இருந்தால் படித்துவிட்டுச் சிரிப்பார்.

22-6-57

வாசலில் கட்டிய வேப்பிலை சருகாகிவிட்டது. யாரும் அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கவில்லை. அது இருக்கிற வரைக்கும் தெருவில் ஒருவரும் படி ஏற மாட்டார்கள். அம்மை கண்ட வீடு.

அவர் லோகோ ஷெட்டிலிருந்து வரும்போதே உடம்பு அனலாக இருந்தது. இடுப்பு கழன்று போகிற மாதிரி வலி, ஓயாத இருமல். ரயில்வே டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். திண்டிவனத்திலிருந்து அவர் அக்கா, முனியம்மாள் அண்ணி, ஓடி வந்தார். தம்பி மார்பில் பொரிப்பொரியாக இருந்ததைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆத்தா வந்திருக்கிறாள், மாத்திரை கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்றார். எனக்கு அது வேர்க்குரு மாதிரிதான் இருந்தது. வெயில் அப்படி. சொல்லியும் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, "அக்கா சொல்றதக் கேளு" என்றார். தாய் இல்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்தது. கேட்டேன். மாத்திரைப் பொட்டலம் இன்னும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது.

நாலாம் நாள் மூச்சு முட்டிப் போய்விட்டார்.

முத்து வெளியே வராமல் உள்ளேயே அமுங்கிவிட்டதாம். நான் அழ வாயைத் திறந்தேன். அண்ணி பொத்தினார். "ஆத்தா அழைச்சிக்கினு போயிருக்கா. அழுதா அவளுக்கு ஆவாது."

மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. வேப்பிலை போட்டுப் புதைத்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் இல்லை. ஒரு பொம்பளைகூட வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

25-6-57

ஷெட்டில் சங்கு ஊதினால் கை தானாகச் சொம்பை எடுக்கிறது.

29-6-57

பக்கத்து வீட்டு மஹபூப் பீவி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். தெரு முழுக்கக் காய்ச்சலாம். ஸ்டேஷன் பக்கம், கடைத்தெரு, காணை கிராமம் வரைக்கும். "எங்க வூட்டுக்காரரு நவாப்பு மாதிரி படுத்துக்கினு கஞ்சி கேட்டுக்கினு இருந்தாரு. இன்னிக்கி எழுந்து மீனு எங்கன்றாரு" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, ஏதோ அடுப்பில் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம். சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிறது.

எல்லார் வீட்டுக்கும் வந்தது, போனது. என் வீட்டுக்கு வந்தது மட்டும் ஏன் ஆளோடு போனது?

4-7-57

சுகாதார இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி என்பவர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். யாருக்குக் காய்ச்சல், யார் தவறினார்கள் என்று. வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றார். அம்மை என்றேன்.

"முத்து போட்டுச்சாம்மா?"

இல்லை என்றேன். இருமலைக் கேட்டார், இடுப்பு வலியைக் கேட்டார், எங்கே வேலை என்று கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது அம்மை இல்லம்மா. ஃப்ளூ காய்ச்சல். மெட்ராஸ்லேர்ந்து ரயிலோட வந்தது. மொதல்ல ஷெட்டு ஆளுங்களத்தான் புடிச்சுது."

படுக்கப்போடுவது நிறையப் பேரை, கொல்வது கொஞ்சம் பேரை என்றார். கைக்குழந்தை, வயசானவர்கள், நடுவிலே எங்கேயாவது ஒரு திடமான ஆள், நெஞ்சில் சளி கட்டி. அந்த ஒரு ஆள் என் வீட்டுக்காரர்.

மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. போட்டவங்கள்லயும் போனவங்க இருக்காங்க."

5-7-57

அம்மை இல்லையென்றால் அழலாம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. தனியாக எப்படி ஒப்பாரி வைப்பது? ஒருத்தி எடுத்தால் இன்னொருத்தி வாங்க வேண்டும்.

வேப்பிலையை அவிழ்க்கப் போனேன். கட்டியது அண்ணி. விட்டுவிட்டேன்.

8-7-57

அண்ணியிடம் சொல்லணும். ஒன் தம்பிக்கு வந்தது ஆத்தா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொன்னா என் மனசு ஆறும். ஆறுமா? அந்தம்மா தாங்குமா?

13-7-57

அண்ணி தெருவில் இருக்கும் முருகையன் வந்து சொன்னார். அண்ணிக்குக் காய்ச்சல். தானே வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டு படுத்துவிட்டாராம். உள்ளே போக ஆள் இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத விதவை. மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். அடுத்த பாசஞ்சருக்குப் போகிறேன்.

14-7-57. திண்டிவனம்

மாத்திரையைக் காட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். "என் தம்பியக் கூப்டுக்கினா, இப்ப என்னியும் கூப்புடுறா. ஒனக்கு ஏன் பேஜாரு? ஊரப் பாத்துப் போ."

போகவில்லை. கேப்பைக் கஞ்சி காய்ச்சினேன்.

15-7-57

அதே இருமல். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது. இவங்க மேலதான் எனக்குக் கோவம். இவங்களும் போயிட்டா கோவப்படக்கூட ஆள் இல்ல.

17-7-57

வேர்த்தது. பசிக்கிறது என்றார்.

19-7-57

அண்ணிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, அம்மை இறங்கினால் ஊற்றுகிற தண்ணீர். ஊற்ற ஊற்றக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்பைப் பார்த்தார். கழுத்தில் மட்டும் பொரிப்பொரியாக வேர்க்குரு.

"எனக்கு முத்தே போடலியே, அஞ்சம்மா."

இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

"அவனுக்கும் இதேதானா?"

கை நின்றுவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும், அண்ணி."

"ஒன் வாயப் பொத்தினேனே."

எழுந்தார். ஈரப் புடவையோடு தள்ளாடிப் போய் வாசல் வேப்பிலையை ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்க, தம்பி பேரைச் சொல்லி ஒப்பாரியை ஆரம்பித்தார். எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் இலை இல்லாததைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாகப் படி ஏறினார்கள்.

அண்ணி எடுத்தார். நான் வாங்கினேன்.

20-7-57

இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. கையாலேயே பேசிக்கொள்கிறோம். இரண்டு பேருக்கு உலை வைத்திருக்கிறேன்.