மேக நிறப் பூனை

சிங்கப்பூர், மே 6

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்று பிமாய் பேருந்து நிலையத்தில் ஒட்டரிசிப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "சோங்கிரான் புத்தாண்டுக்கு வந்துடு" என்றீர்கள். தலையாட்டினேன். உங்கள் மகன் தவாட்டும் நானும் பிரிவதென்று முடிவு செய்துவிட்டதை நான் சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் நினைத்திருப்பார். எங்கள் இருவருக்கும் அதுவே பழக்கம்.

நம் பூனை மேக்கைக் கேட்கவும் அன்று வாய் வரவில்லை. இந்தச் சாம்பல் நிறப் பூனையை யாருக்கும் விற்கக் கூடாது, மணப்பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லித் திருமணத்தன்று அவளை என் கையில் வைத்தீர்கள். மணம் முறிந்துபோன பிறகு அவள் யாருடையவள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையவள் என்று நீங்கள் நினைத்தால் அனுப்பி வையுங்கள். பூனைக்கு அனுமதியுள்ள அறை கிடைத்திருக்கிறது. தோலுக்குள் அடையாளச் சில்லு, வெறிநோய் ஊசி, புறப்படும் முன் மருத்துவர் சான்று எல்லாம் வேண்டும். இங்கே இறங்கியதும் சில வாரம் தனியே அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். ஜூலை நடுவில் விமானம்.

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள்.

அனோங்

பிமாய், ஜூலை 19

மகள் அனோங்குக்கு,

பூனை விமானம் ஏறவில்லை. கோபப்படாமல் படி.

ஊசி, சில்லு எல்லாம் ஆயிற்று. ஆனால் மழை வரவில்லை, நாற்று மஞ்சளாகிவிட்டது. எதிர் வீட்டு லம்யாய் பெண்களைத் திரட்டிக்கொண்டு மூங்கில் கூடையோடு வந்து நின்றாள், மழை கேட்டு ஊர்வலம் போகப் பூனை வேண்டுமென்று.

"வெளிநாடு போற பூனைடி, நனையக் கூடாது" என்றேன்.

"மேக நிறத்துப் பூனைய உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு, வயலு காயுதுன்னு எங்ககூடச் சேர்ந்து புலம்புறீங்களே அக்கா. போறதுதான் போவுது, ஊருக்கு ஒரு மழையக் குடுத்துட்டுப் போவட்டும்" என்றாள்.

கொடுத்தேன். வீட்டுக்கு வீடு பாட்டுப் பாடி அவள்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். உன் பூனை கத்தியது கோயில் வரை கேட்டதாம். மறுநாள் மழை கொட்டியது. அதற்கடுத்த நாள் அவள் தும்ம ஆரம்பித்தாள். மருத்துவர் சான்று தரவில்லை.

மாங்காய் முடிந்துவிட்டது. நான் நலம்.

அம்மா

சிங்கப்பூர், ஆகஸ்ட் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

மழை வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். தும்மல் அந்த வாரமே நின்றிருக்கும், ஏன் மறுபடி கூட்டி வரவில்லை என்று அவரே கேட்கிறார். அனுமதிக்குக் கெடு இருக்கிறது. அது முடிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கடிதத்தில் பூனையைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மனமில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

அனோங்

பிமாய், ஆகஸ்ட் 20

அனோங்,

தும்மல் நின்றுவிட்டது. தெரிந்தேதான் கூட்டிப் போகவில்லை.

உன் துணிமணி போயிற்று, புத்தகப் பெட்டி போயிற்று. இந்த வீட்டில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் நீ எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாய்? மற்றப் பாதிக்கு என்ன எழுதுவது? தவாட் என் மகன். அவனைத் திட்டி உனக்கும் எழுத முடியாது, உன்னைத் திட்டி அவனுக்கும் எழுத முடியாது.

நேற்று சான்று வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை அனுப்புகிறேன். பயப்படாமல் இருக்க, நான் கட்டியிருந்த கைலியைக் கூண்டில் விரித்திருக்கிறேன். கோழிக்கல்லீரல் என்றால் சாப்பிடுவாள்.

அம்மா

சிங்கப்பூர், ஏப்ரல் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று இரவு பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

சோங்கிரானுக்கு ஆசி வேண்டி உங்கள் கையில் நீர் ஊற்றியபோது, "போதும் போதும், நான் என்ன பூனையா?" என்று லம்யாய் முன்னால் கேட்டீர்களே, அதை நினைத்து விமானத்தில் தனியே சிரித்தேன். விடுமுறை முடிந்து மாவட்ட அலுவலகம் திறந்த அன்று தவாட்டும் நானும் மணமுறிவுக்குக் கையெழுத்துப் போட்டோம். அன்று மாலை உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். என் தட்டில் மீன் இன்னொரு துண்டு வைத்தீர்கள்.

நான் திரும்பியபோது மேக் கோபமாக இருந்தாள். அறைத்தோழி ஊட்டியதைத் தின்றுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நீங்கள் முன்பு கூண்டில் விரித்த கைலியை இங்கே அவளை அடைத்து வைத்த இடத்தில் விதிப்படி எரித்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? இந்த முறை உங்களிடம் கேட்டு வாங்கி வந்த கைலியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டேன். சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தாள். இப்போது அதன்மேல் தூங்குகிறாள்.

அனோங்