கறுப்புத் திரையில் குரவைச் சத்தம்

2.8.99 திங்கள்

கச்சான் காற்று. காலையில் துடைத்த மேசையில் லுஹர் தொழுகைக்குள் மண். கம்பியூட்டருக்கு இரட்டைத் துணி.

சூரை மீன். பாதி ஆணம், பாதி பொரியல். மாமியின் மருந்து முடியப்போகிறது.

எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பை நேற்று இவர் போட்டுத் தந்தார். பழையது தமிழில் பெயர் எழுதப் போனாலே நின்றுவிடும். இன்று ஸாலிஹா ராத்தாவின் மகள் கலியாண வீடியோவைத் திறந்தேன். திரை கறுப்பு. பெண்கள் போடும் குரவைச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. அடுத்த துண்டும் கறுப்பு. எல்லாமே.

இவர் எடுத்த ஆண்கள் பகுதியும் அப்படியே. ஆனால் அதற்குக் கேசட் இருக்கிறது, திரும்ப ஏற்றலாம். நான் எடுத்த பெண்கள் பகுதிக்கு இல்லை. கம்பியூட்டரில் ஏற்றிய அன்றே, லென்ஸ் மூடியைப் போட்டபடி கேசட் முழுவதும் பதிந்து அழித்துவிட்டேன். தொடங்கிய நாள் முதல் என் முறை அதுதான். முக்காடு இல்லாத முகங்கள் அமானத், என்னை நம்பித் தந்தவை. அந்த நம்பிக்கையில்தான் கமராவோடு என்னை உள்ளே விடுகிறார்கள்.

மணப்பெண்ணின் வாப்பா சவூதியில், தம்மாமில் லொறி ஓட்டுகிறார். லீவு கிடைக்கவில்லை. சாச்சா வாப்பாவின் இடத்தில் வலியாக நின்று நிக்காஹ் முடிந்தது. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தாவின் தம்பி தம்மாமுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் கேசட் போக வேண்டும். வாப்பாவுக்கான கேசட்டில் மகள், மனைவி, அவருடைய சொந்தச் சகோதரிகள் மட்டும். மற்றப் பெண்களை வெட்டி எடுக்க வேண்டும். படமே தெரியாமல் எதை வெட்டுவது?

3.8.99 செவ்வாய்

அதே காற்று. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். கறுப்பு. மறுபடி புதியது.

முற்றத்தில் காயும் மிளகாயைக் கமராவில் எடுத்து ஏற்றிப் பார்த்தேன். படம் வருகிறது, மிளகாய் சிவப்பாகவே. புதிதாக ஏற்றினால் சரி, முன்பு ஏற்றியது கறுப்பு. கமராவில், வயரில் பிழை இல்லை. இவ்வளவு தெரிந்ததே பெரிது.

அஸருக்குப் பிறகு ஸாலிஹா ராத்தா வந்தார்.

“என்னகா புள்ள, கேசட் முடிஞ்சிட்டா?”

பொய் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அழித்ததையும். ராத்தா கதிரையில் இருந்தவர் எழும்பவே இல்லை.

“அவரு கடைசியாக் காணக்குள்ள அவள் ஸ்கூல் யூனிபோமோட நிண்டவள்” என்றார். பிறகு, “கடையில யாரும் ஆம்புள பாத்தாவது எடுத்துத் தரட்டும் புள்ள. எங்கிட ஊட்டுப் படம்தானே. நான் சொல்றன்.”

“உங்கட முகத்துக்கு நீங்க சொல்லலாம் ராத்தா. அதுல பக்கத்து ஊட்டுப் புள்ளையளும் இரிக்காங்க. அவங்கட முகத்துக்கு ஆரு சொல்ற?”

தேத்தண்ணீர் ஆறிப்போனது. போகும்போது, “வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியும்” என்றார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

இவரும் கம்பியூட்டர் பெட்டியைக் கல்முனைக் கடைக்குக் கொண்டுபோவோம் என்றார். முடியாது என்றேன்.

“அப்ப பெட்டிக்கும் ஒரு முக்காட்டப் போட்டுக் கொண்டு போவமே.”

சிரிப்பு வந்தது. கோபமும்.

4.8.99 புதன்

திரையில் வந்த பிழைச் செய்தியை ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு இவருடைய மோட்டார் சைக்கிளில் க.முனை. கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தவராசா பாண்டிருப்புக்காரர். நல்ல மனிதர், கதை கொஞ்சம் கூட.

“சத்தம் கேக்குதெண்டா பைல் உயிரோட இரிக்கு அக்கா. பயப்படாதீங்க.”

அவர் சொன்னது: படத்தை அப்படியே வைக்க இடம் காணாது. கம்பியூட்டரில் படம் ஏற்றும் கார்டு அதைச் சுருக்கித்தான் வைக்கிறது. திரும்ப விரித்துக் காட்ட அந்தக் கார்டின் கோடெக் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். புதிய பதிப்பு அதைக் குழப்பியிருக்கும்.

“பெட்டியக் கொண்டு வாங்களன். அஞ்சு நிமிசத்துல பாத்துத் தாறன்.”

“பெட்டி வராது தம்பி. பொம்புளையள்ற படம்.”

“விளங்குது. எங்கட அக்காவும் கலியாண வீட்டுல கமராவக் கண்டா அறைக்குள்ள ஓடிடுவா. அப்ப கார்டோட வந்த சீடியத் தேடிப் போட்டுப் பாருங்க. சரிவராட்டி வந்து சொல்லுங்க, நான் இஞ்ச இருந்தே சொல்றன்.”

மருந்து வாங்கினோம். பேரீச்சம்பழம். மாமிக்குச் செருப்பு (அளவு சின்னன், மாற்ற வேண்டும்).

சீடி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கிடைத்தது. போட்டேன். கம்பியூட்டரை நிறுத்தித் திறந்தேன். கறுப்பு.

மஃரிப் தொழுகையில் மனம் நிற்கவில்லை. அஸ்தஃபிருல்லாஹ்.

5.8.99 வியாழன்

ஃபஜ்ருக்குப் பிறகு அதே மேசை. கண்ட்ரோல் பேனலில் கோடெக்குகளின் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். கார்டினுடையது இருக்கிறது, சீடி கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதற்கு மேலே அதே வேலைக்கு இன்னொன்று, புதிய பதிப்பு வைத்தது.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு ஹலீமா வீடு. தபால்காரர் முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இங்கும் அப்படித்தான் நடக்கிறதோ? படம் முதலாவதிடம் போகிறது. அதற்கு விரிக்கத் தெரியாது. தெரிந்தது பின்னால் சும்மா இருக்கிறது.

அப்படியென்றால் முதலாவதைத் தூக்க வேண்டும். அழித்து ஒருமுறை பட்டவள். கை போகவில்லை. எழும்பி உளூ எடுத்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தேன். பிஸ்மில்லாஹ். தூக்கினேன். நிறுத்தித் திறந்தேன்.

மருதோண்டி போட்ட இரண்டு கைகள். பிறகு முகம்.

“இஞ்ச வாங்க” என்று இவரைக் கூப்பிட்டுவிட்டு, வருவதற்குள் திரையை அணைத்தேன். இவரும் பார்க்கக் கூடாதுதானே.

“என்ன, வந்திட்டா?”

“வந்திட்டு.”

“அப்ப ஏன் அழுறீங்க?”

மாமி சமைத்தார். நான் நாள் முழுக்க வெட்டினேன். தண்ணீர் வார்ப்பு, கூறை மாற்றுதல், குரவை. பின்னால் நிற்கும் புள்ளைகள் வரும் இடமெல்லாம் வெளியே. ஓரிடத்தில் மணமகள் நேராகக் கமராவைப் பார்த்து, “வாப்பா, நல்லா இரிக்கா?” என்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோள் அதில் தெரிகிறது. வெட்ட மனமில்லை. படத்தைப் பெரிதாக்கித் தோளை வெளியே தள்ளினேன். முகம் கொஞ்சம் மங்கல். பரவாயில்லை.

6.8.99 வெள்ளி

காலையில் கேசட்டில் பதிந்தேன். கரண்ட் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஜும்ஆ பாங்கு சொல்லும்போது ஸாலிஹா ராத்தா வாசலில். கேசட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

“அங்க அறையில ஆக்கள் இல்லாத நேரம் பாக்கச் சொல்லி அனுப்புறன். இனிப் பொட்டியில உள்ளதையும் அழிச்சிடுகா.”

“மச்சான் பாத்திட்டாரு எண்டு செய்தி வரட்டும் ராத்தா. அதுவரைக்கும் பெட்டி இரிக்கிற அறையப் பூட்டித்தான் வெப்பன்.”

முறையை மாற்றியாயிற்று. செய்தி வந்த பிறகுதான் இனி அழிப்பது.

செருப்பு மாற்றவில்லை.

18.8.99 புதன்

காற்று கொஞ்சம் குறைவு. ஸாலிஹா ராத்தா வந்தார். தம்மாமிலிருந்து டெலிபோன் கோல் வந்ததாம்.

“மனுசன் ஒரே நாளுல மூணு தரம் பாத்தாராம்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“நிறம் வரல்லையாம் புள்ள. எல்லாம் கறுப்பு வெள்ளையாம். கூறைப் புடவை என்ன நிறம் எண்டு கேட்டாரு. மாதுளம் முத்து நிறம் எண்டன். அது எப்படியிரிக்கும் எண்டு திரும்பக் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ற?”

அங்குள்ள பழைய வீடியோ டெக்குகள் சில நம் ஊர்க் கேசட்டின் நிறத்தை எடுக்காது என்கிறார் இவர்.

ராத்தா மெதுவாகக் கேட்டார்: “அழிக்கல்லதானே?”

“அழிக்கல்ல.”

அந்த டெக்கின் முகப்பில் உள்ளதை ஓரெழுத்தும் விடாமல் பார்த்து எழுதி அனுப்பும்படி மச்சானிடம் சொல்லச் சொன்னேன். நாளை க.முனை, அங்கு நிறம் வர எப்படித் திரும்பப் பதிவது என்று தவராசாவிடம் கேட்க. செருப்பையும் எடுத்துப் போக வேண்டும்.