இரண்டாவது சத்தம்

சனிக்கிழமை, படுக்கும் முன்.

என் மனைவி மலருடைய மவுண்டன் பைக்கை இன்று ட்யூப்லெஸ் டயருக்கு மாற்றினேன். வீட்டுப் பம்பில் டயர் ரிம்மோடு சேரவில்லை. குமணன்சாவடி பஞ்சர் கடையில் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்தோம். டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காரும்போது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முறை 'டப்' என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் உட்காராவிட்டால் ஓட்டும்போது காற்று இறங்கிவிடும். பின்சக்கரத்தில் இரண்டும் கேட்டன. முன்சக்கரத்தில் ஒன்றுதான் என் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான்.

"அண்ணே, இன்னொரு பக்கம் உட்காரலையோ?"

"இன்னா சார், சும்மா பயந்துகினு! அதெல்லாம் ஒக்காந்துகிச்சு," என்றார் கடைக்காரர்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்தாயிற்று. சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது.

காலையில் மலர் திருவள்ளூர் வரை தனியாக ஓட்டிப் போகிறாள். வழியெல்லாம் லாரி.

"ஸ்பேர் ட்யூப் எடுத்துக்கணுமாங்க?" என்று கேட்டாள்.

"அது வேண்டாம்னுதானே மாத்தியிருக்கேன்" என்றேன், பெரிய இவன் மாதிரி.

அவள் தூங்கியதும், காற்று இறங்கினால் டயருக்குள் போட்டுக்கொள்ளட்டும் என்று பழைய ட்யூபை அவள் பையில், ரெயின்கோட்டுக்கு அடியில் வைத்தேன். பார்த்தால் ஏன் என்று கேட்பாள். வெளியே எடுத்தேன்.

இப்போது மறுபடி வைத்துவிட்டு வந்தேன். ரெயின்கோட்டுக்கு மேலே.

கேட்கட்டும்.